வைகுண்டராஜுக்கு வந்த பெட்டி

ராஜபாளையத்தில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. மதுரை ஆஸ்பத்திரிக்குச் சைரன் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆம்புலன்ஸில் உயிர் இருக்கிறது. சத்தம் போடாமல் ஊருக்குள் திரும்பி வருகிற ஆம்புலன்ஸில் இல்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட சத்தமில்லாத ஆம்புலன்ஸைக் கண்டால் காலை இறக்கிவிடுவார்கள்.

பாண்டிசெல்விக்கு அன்றைக்கு இந்தச் சட்டம் ஞாபகமே வரவில்லை. தன் வீட்டுக்காரர் வைகுண்டராஜை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வருகிற நிம்மதியில் அவள் உட்கார்ந்தபடியே கண் அசந்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லாததால் டிரைவர் சைரனைப் போடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வெயில் கண்ணில் குத்துகிறது என்று வைகுண்டராஜ் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஊர் எல்லையில் பைக்கை நிறுத்திக்கொண்டு அண்ணனுக்காகக் காத்திருந்தார் தம்பி விக்னேஸ்வரன். சுந்தரபாண்டியம் என்கிற ஊரில் வயல் வைத்திருப்பவர். அவரிடம் ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு, இரண்டும் ஒன்றேதான்: எந்தக் காரியத்தையும் நாளைக்கு என்று தள்ளிப் போட மாட்டார். ஆம்புலன்ஸ் நெரிசலில் நின்றபோது கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அண்ணன் முகத்தில் துண்டு. மதினி தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறாள். சைரனும் இல்லை. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்து செத்த நேரம் அழுதார், பொறவு போனை எடுத்தார்.

வண்டி மருந்துக் கடையில் நின்று, டிரைவர் டீ குடித்து, தெருவுக்குள் திரும்புவதற்குள் பந்தலுக்கு மூன்று கால் ஊன்றியாயிற்று. பிளாஸ்டிக் சேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்கதவைத் திறந்ததும் எதிர்வீட்டு அய்யம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒப்பாரியில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "மில்லுச் சங்கு ஊதுமுன்ன எந்திரிக்கிற மகராசனே..." என்று எடுத்தாள்.

வைகுண்டராஜ் துண்டை விலக்கி, தலையைத் தூக்கி, பந்தலைப் பார்த்தார்.

"ஏட்டி செல்வி, நம்ம தெருவுல யாரு போயிட்டா? அய்யம்மாக்காவா?"

"நான் இங்கன தானய்யா நிக்கேன்!" என்றாள் அய்யம்மாள். அடித்த கை நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

சங்கு ஊத வந்தவர் சங்கை வேட்டி மடிப்புக்குள் தள்ளினார். நாலாவது கால் ஊன்றிக்கொண்டிருந்தவர் அதை நடுவதா பிடுங்குவதா என்று தெரியாமல் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னலே விக்னேசு இது?"

விக்னேஸ்வரன் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். "இல்லண்ணே... வெயிலு ஜாஸ்தியா இருக்குல்லா. நீங்க வாரீகன்னு நிழலுக்கு..."

"நிழலுக்கா? சங்கு எதுக்குலே, காத்துக்கா?"

வைகுண்டராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, பாண்டிசெல்வி நெஞ்சைத் தடவிவிட்ட பிறகுதான் அடங்கியது. சிரிக்க வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவருக்கு நோய் கணையத்தில் ஆரம்பித்து நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இனி மருந்து ஏத்தினா நோய்க்கு வலிக்காதும்மா, இவருக்குத்தான் வலிக்கும். வலியில்லாம, மூச்சு முட்டாம வச்சுக்கலாம். அதை வீட்டுலயே செய்யலாம்" என்றார். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஹஃபீஸாவின் போன் நம்பரையும் கொடுத்தார். மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே ஹஃபீஸா ஆஸ்பத்திரிக்கு வந்து, எந்த மாத்திரை எதற்கு, மூச்சு முட்டினால் எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பாண்டிசெல்வியைச் செய்ய வைத்தே சொல்லிக் கொடுத்தாள்.

இதற்கு முந்தின மாதம் அவரை ஐசியூவில் போட்டிருந்தார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு, கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். பாண்டிசெல்வி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்ட நின்று பார்ப்பாள். குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றியதும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "செல்வி, இனி என்னைய அந்த ரூமுக்கு அனுப்பாத. எம்புட்டு இரைச்சாலும் சரி. சத்தியம் பண்ணு." அவளும் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

சத்தியம் பண்ணியது சுலபம். காப்பாற்றுவதுதான் பாடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் பாண்டிசெல்வி யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றால்கூடச் சொல்லாமல் குடித்துவிடுகிற ஆள். ஒரு நாள் அவருக்கு மூச்சு முட்டும், அப்போது நாலு பேர் வந்து தூக்குவார்கள், தான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம் என்று பயந்துகொண்டே இருந்தாள்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்து முடிக்கவில்லை, வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தி சுந்தரபாண்டியன் இறங்கினார். மகள் ஜெயசித்ராவின் மாமனார். பந்தல், சேர், பாத்திரம், பிரேதத்தை வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். சம்பந்தியாயிற்றே என்று இருக்கிற பெட்டிகளிலேயே பெரிய பெட்டியைத் தன் கையால் துடைத்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தோளில் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. பின்னாலேயே ஜெயசித்ரா தலைவிரி கோலமாக இறங்கி உள்ளே ஓடினாள்.

அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று அலறி, அவர் தோளில் பட்டென்று ஒரு அடி போட்டாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "வில்லிபுத்தூர்லருந்து பெட்டி மேல கைய வச்சிக்கிட்டே வந்தேன்ப்பா!"

"வெறும் பெட்டிதானத்தா. அழாத, கஞ்சி கொட்டுது" என்றார் வைகுண்டராஜ்.

வெளியே சுந்தரபாண்டியன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பெட்டியை அதற்குள் ஆட்கள் இறக்கிவிட்டார்கள். அதில்தான் சிக்கல். அவர் தொழிலில் ஒரு நம்பிக்கை இருந்தது: ஒரு வீட்டு வாசலில் இறக்கிய பெட்டியைச் சும்மா திருப்பி ஏற்றக் கூடாது. ஏற்றினால் அடுத்த வேலை சொந்த வீட்டுக்கே வந்து சேரும். இங்கே வைத்திருக்கவும் முடியாது, கொண்டு போகவும் முடியாது. "தங்கச்சி, தப்பா நெனைக்காதீக, ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்று பாண்டிசெல்வியிடம் கெஞ்சினார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பந்தல் காலில் மாட்டினார். யார் வீட்டு ஆடோ வந்து அதைத் தின்னத் தொடங்கியது. விரட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை. மாலைக்கு ஒரு வழி பிறந்ததே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விக்னேஸ்வரன் போன் பண்ணிய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆலங்குளத்திலிருந்து ஒரு வேன். வத்திராயிருப்புப் பக்கமிருந்து இரண்டு ஆட்டோ. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே குழப்பம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. நோயாளி வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பக் கூடாது. இது எந்த வீடு? தீர்மானிக்க முடியாமல் ஆளாளுக்குக் கட்டிலருகே நின்று வாயைத் திறந்து மூடி நழுவினார்கள். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று தெருக்குழாயில் தலையை நனைத்துக்கொண்டு போனார்கள்.

வைகுண்டராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, சொல்லிட்டுப் போங்கலே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போய்ட்டு... வாரேன் மாமா."

"வா. வரும்போது இருந்தா பாப்போம்."

இப்போது விக்னேஸ்வரன் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரையே கூட்டியாயிற்று. அண்ணன் கஞ்சி குடிக்கிறார். வருகிறவர்களெல்லாம் அண்ணனைப் பார்த்துவிட்டு அடுத்துத் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மனுஷன் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். உயிரோடு வீட்டில் படுத்திருந்தால் அதற்கு என்ன பேர்? பந்தலுக்குக் கீழே சேர்களை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தினார்.

"மதினி, இது சரியில்ல. உசுரோட இருக்க மனுசனைச் சும்மா வீட்டுல போட்டு வச்சா ஊரு என்ன சொல்லும்? திரும்ப மதுரைக்குக் கொண்டு போவோம். ஆம்புலன்ஸ்காரனைத் தெரு முக்குலயே நிக்கச் சொல்லிட்டேன்."

"டாக்டரே வீட்டுல வச்சுப் பாருங்கன்னுதான் தம்பி..." என்று ஆரம்பித்தாள் பாண்டிசெல்வி.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு!"

அதோடு அவள் பேச்சு முடிந்தது. ஆலங்குளத்துக்காரர் பிளவக்கல் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், பச்சிலைச் சாறு மூன்று சொட்டில் ஆளை எழுப்பி ஓட விடுவார் என்றார். இன்னொருவர், சஞ்சீவி மலை அடிவாரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு பிளவக்கல் போவானேன் என்றார். அந்த மலை மூலிகையில் தன் மாட்டுக்குப் பேதி நின்ற கதையை அவர் விரிவாகச் சொன்னார். அய்யம்மாளுக்கு ஒப்பாரி பாதியில் நின்ற ஏமாற்றம் தீரவில்லை. "எங்க வச்சாலும் வாரது வரும்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள். ஜெயசித்ராவே அம்மாவின் காதருகே வந்து, "ஒரே ஒரு தடவ கொண்டு போய்ப் பாத்தா என்னம்மா?" என்றாள். அதுதான் பாண்டிசெல்வியை அடித்துப் போட்டது. ஜன்னல் வழியே கணவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவளால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

அந்த நேரத்தில் சுந்தரபாண்டியன், வேன் குலுக்கலில் பெட்டிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம் வந்தது.

"நிறுத்துங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வைகுண்டராஜ் ஸ்பின்னிங் மில் ஏசி பிளான்ட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சீக்குப் பிடித்த மெஷினின் சத்தம் கேட்டால் அவரால் படுத்திருக்க முடியாது. என்னை வெளியே கொண்டு போய் உட்கார வையுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். நிற்கத் தெம்பில்லை என்பது வேறு விஷயம். சேரோடு தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கீழ்ப்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"சம்மந்தி, இது என்ன அநியாயம்? கூலிங் காயிலு பூராம் ரோசாப்பூ இதழு, ஊதுவத்திச் சாம்பலு. ஃபேன் ஒயரு வேற லூசு. காத்து எங்கிட்டுப் போகும்? இதுல படுத்தா மறுநாளே மனுசன் நாறிப் போவான்!"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணலயே சம்மந்தி" என்றார் சுந்தரபாண்டியன் பரிதாபமாக.

"எப்படிப் பண்ணுவான்?"

அதற்குமேல் சனத்தால் அடக்க முடியவில்லை. பந்தல் மொத்தமும் சிரித்தது. அய்யம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வைகுண்டராஜ் சொல்லச் சொல்லச் சுந்தரபாண்டியன் பிரஷ்ஷால் தள்ளினார், ஒயரை முறுக்கினார். வைகுண்டராஜ் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபோது கண்ணில் பழைய ஷிஃப்ட் வெளிச்சம் இருந்தது. சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி சத்தமில்லாமல் குளிர ஆரம்பித்தது. "சும்மா ஓட விடாதீக. வந்த சனத்துக்குச் சோடா வாங்கி உள்ள அடுக்குங்க" என்று உத்தரவு போட்டார். அடுக்கினார்கள். பெட்டி காலியாகத் திரும்ப வேண்டாம் என்று சுந்தரபாண்டியனுக்கு உயிர் வந்தது. முதலில் தயங்கியவர்களும், வெயில் ஏற ஏற, ஆளுக்கொரு பன்னீர் சோடா எடுத்துக் குடித்தார்கள். விக்னேஸ்வரன் மட்டும் தொடவில்லை.

வைகுண்டராஜ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, இதுல நான் ஒரு நாள் படுக்கத்தான் போறேன். அப்போ எனக்குக் குளிராது. அந்தக் கண்ணாடி ரூமுல உசுரோட படுத்திருந்தேன் பாரு, அங்கதான் குளிருச்சு. எல்லாரையும் பாத்தேன், யாரும் தொடல."

சொல்லி முடிக்கவில்லை, மூச்சு பிடித்துக்கொண்டது.

சாதாரண இரைப்பு இல்லை. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு கறுத்தது. கண் அகலத் திறந்து பாண்டிசெல்வியைத் தேடியது. அவரைத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டு போனார்கள். "தூக்குங்கலே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று விக்னேஸ்வரன் கத்தினார். முக்கில் நின்ற வண்டி இந்தத் தடவை சைரன் போட்டுக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சர் இறங்கிவிட்டது.

பாண்டிசெல்வியின் கை தன் வேலையைச் செய்தது. மாத்திரையை எடுத்தாள், நாக்கடியில் வைத்தாள். அவர் மடியில் தலையணையைப் போட்டு அதன்மேல் அவரை முன்னால் சாய வைத்தாள். ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பினாள். போனில் ஹஃபீஸாவைக் கூப்பிட்டு வைத்தாள். "சரியாத்தான் பண்ணியிருக்கீங்கம்மா. கூட்டத்த வெளிய அனுப்புங்க. அவருகூடப் பேசிக்கிட்டே இருங்க. மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். நான் வண்டிய எடுத்துட்டேன், வாரேன்" என்றாள் ஹஃபீஸா.

கூட்டத்தை வெளியே அனுப்ப வேண்டும். அதாவது எல்லோரையும் பார்த்துப் பேச வேண்டும்.

அவரை ஜெயசித்ராவின் மேல் சாய்த்துவிட்டு எழுந்து போய் அறை வாசலில் நின்றாள். எதிரே ஸ்ட்ரெச்சர், அதற்குப் பின்னால் கொழுந்தன்.

"தள்ளுங்க மதினி!"

"மாட்டேன்."

அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்று எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுமே திடுக்கிட்டாள். வந்த பிறகு அதை நிறுத்தத் தெரியவில்லை.

"தம்பி, காலையிலயே நீங்க அவியளக் கொன்னாச்சு. பந்தலும் போட்டாச்சு. உங்க பங்கு முடிஞ்சுது. இனி அவிய எப்படி இருக்கணும், எங்க போகணும்னு அவிய சொல்லி, நான் சத்தியம் பண்ணிருக்கேன். என்னையத் தாண்டித்தான் தூக்கணும். எல்லாரும் வெளிய போங்க, அவியளுக்குக் காத்து வேணும்!"

சனம் பின்வாங்கியது. ஸ்ட்ரெச்சரும் பின்வாங்கியது. விக்னேஸ்வரன் மட்டும் நகரவில்லை. பெரிய ஆள், மீசையெல்லாம் வைத்தவர், அப்படியே கதவு நிலையில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அங்க கொண்டு போனா ஏதோ செஞ்சோம்னு இருக்கும் மதினி. இங்க வச்சா நான் என்ன செய்ய? எனக்கு ஒண்ணும் தெரியல. அன்னைக்கும் ரூமுக்கு வெளியதான் நின்னேன். இன்னைக்கும் என்னைய வெளிய போகச் சொல்லுதீக."

இந்த மனுஷன் காலையிலிருந்து கத்தியதெல்லாம் பயத்தில் கத்தியது என்று பாண்டிசெல்விக்கு இப்போதுதான் விளங்கியது. தன் பயமும் அதுவும் ஒரே பயம். கொழுந்தன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கட்டில் கால்மாட்டில் உட்கார வைத்து, கணவரின் கால் இரண்டையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பிடிச்சு விடுங்க. சில்லுனு இருக்கு பாருங்க. சூடு பறக்கத் தேயுங்க. இதான் வேலை."

விக்னேஸ்வரன் வயல் வேலை செய்த கையால் தேய்த்தார். பாண்டிசெல்வி கணவரின் முகத்தைப் பார்த்து என்னென்னவோ பேசினாள். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் விழுந்த செருப்பைப் பற்றி, மில்லில் அவர் மேனேஜரைத் தெரியாமல் ஏசி ரூமில் வைத்துப் பூட்டியதைப் பற்றி. ஃபேன் சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. மூச்சு ஆழமாக ஒன்று, இன்னொன்று என்று வரிசைக்கு வந்தது. ஹஃபீஸா வந்து நாடி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இன்னொரு தடவை இப்படி வரும், அப்போதும் இதைத்தான் செய்ய வேண்டும், ஒரு தடவை இரைப்பு அடங்காமலும் போகும் என்று மறைக்காமல் சொன்னாள். பாண்டிசெல்வி சரி என்றாள். விக்னேஸ்வரனும் சரி என்றார், காலை விடாமல்.

வைகுண்டராஜ் கண்ணைத் திறந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"யாருலே அது கால்ல? மம்பட்டி மாதிரி கைய வச்சிக்கிட்டு... தோலு உரியுது."

"நான்தாண்ணே. நிறுத்தட்டா?"

"நிறுத்தாத." செத்த நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "செல்வி, நீ எப்போ படுத்த? போய்ப் படு. இவன் இருக்கான்லா" என்றார்.

பாண்டிசெல்வி கொழுந்தனைப் பார்த்தாள். அவர் நிமிரவேயில்லை, இடது காலை முடித்து வலது காலுக்கு மாறியிருந்தார். அவள் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் முந்தானையை விரித்து, வாசலில் சனம் பேசிக்கொண்டிருக்கப் பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்தாள். படுத்த கணத்தில் தூங்கிப் போனாள்.